தொண்டும் வெட்டியும்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், எங்கள் காலனி மாலைப் பள்ளிக்கு வருகிற தங்கச்சி ஒருத்தி கையில் ஒரு படிவத்தோடு வந்து நின்றாள். கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்க அரசு வெளிநாட்டு மாணவர்களுக்காகக் கோடையில் நடத்திவந்த ஐந்து வாரப் பயிற்சிகளில் ஒன்றுக்கான விண்ணப்பம் அது. சுற்றுச்சூழலைப் பொறுப்போடு காப்பது எப்படி என்பதுதான் பாடம். விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடக்கும். அப்புறம் காடு, ஆறு என்று சுற்றிக் காட்டுவார்கள். கடைசியில் வாஷிங்டன்.

பேர், ஊர், மார்க்கு எல்லாம் எழுதிவிட்டாள். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டாள். சுற்றுச்சூழலுக்காகத் தன்னார்வத்தோடு என்னென்ன செய்திருக்கிறாய் என்று கேட்டிருந்தது. பத்து வரிக்கு இடம் விட்டிருந்தது.

"அக்கா, நான் இன்னாக்கா எழுதறது? எங்க காலேஜ்ல மரம் நட்டாங்க. அன்னிக்கி நான் லீவு. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. அவங்க தெருவுக்கு நான்தான் போயி குப்பை எடுத்தேன்."

"அதையே எழுதேன்" என்றேன்.

"அது தொண்டு இல்லியேக்கா. வேலக்கா அது. போகலன்னா கூலி புடிச்சிடுவாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. தமிழில் எம்.ஏ. படித்தவள், மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிறவள், ஒரு படிவத்தின் பத்து வரிக்கு முன்னால் வாயடைத்துப்போனேன். அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதிப்பார்க்கிறேன்.

*

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. முதலில் அதை ஒத்துக்கொள்ளவேண்டும். கட்டாயத்தில் செய்வது அறம் ஆகாது என்பது பழைய வாதம். ஒருவன் செய்யாமலும் இருந்திருக்கலாம், ஆனாலும் செய்தான் என்றால்தான் அதற்கு மதிப்பு. வேறு வழியில்லாமல் செய்ததற்குப் பாராட்டு எதற்கு? மாடு வண்டி இழுக்கிறது. மாட்டுக்கு யாரும் விருது கொடுப்பதில்லை.

சரி. ஆனால் இந்தச் 'செய்யாமலும் இருந்திருக்கலாம்' என்கிற வசதி யாருக்கு இருக்கிறது? கூலி இல்லாமல் செய்யும் வேலைக்குத் தமிழில் இரண்டு பேர் உண்டு. ஒன்று தொண்டு. இன்னொன்று வெட்டி. இரண்டிலும் கூலி கிடையாது. இரண்டிலும் பலன் ஊருக்குப் போகிறது. மேல்சாதிக்காரன் குளத்தில் இறங்கித் தூர் வாரினால் தொண்டு, அடுத்த நாள் பேப்பரில் போட்டோ. நம் பாட்டன் அதே குளத்தில் இறங்கித் தூர் வாரினால் வெட்டி. அவன் இறங்காவிட்டால் ஊர்க்கூட்டம், அபராதம், அடி. ஒரே குளம், ஒரே சேறு. ஒருவனுக்கு அது சான்றிதழாக ஆகிறது. இன்னொருவனுக்கு அதுவே சாதிப் பேராக ஒட்டிக்கொள்கிறது.

அன்று கல்லூரியில் மரம் நட்ட பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. மரம் நல்லது. ஆனால் அவர்கள் காலையில் குளித்துக் கிளம்பி, சுத்தமான தெருவில் நடந்து, பஸ் ஏறி, கல்லூரிக்கு வந்து மரம் நட ஒரு நேரம் கிடைத்ததே, அந்த நேரம் எங்கேயிருந்து வந்தது? விடிவதற்கு முன்னால் யாரோ ஒருத்தி அவர்கள் வீட்டு நாப்கினையும் எச்சில் இலையையும் கண்ணாடிச் சில்லையும் கையால் பிரித்து எடுத்துப்போனதால் வந்தது. அவர்களுடைய அறத்துக்கான ஓய்வு நேரத்தை அவள் உழைப்பு உண்டாக்கிக் கொடுத்தது. அப்புறம் படிவம் வந்து அவள் மகளைப் பார்த்துக் கேட்கிறது, "நீ என்ன செய்தாய்?"

2020இல் தமிழக அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பேரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. பேர் நல்ல பேர்தான். அந்தத் தங்கச்சியின் அம்மா அதே ஒப்பந்தக் கூலிக்குத்தான் இன்றைக்கும் போகிறாள். கையுறை கேட்டால் அடுத்த மாசம் என்கிறார்கள். கையால் மலம் அள்ளும் வேலைக்குத் தடை போட்டு 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் இன்னொன்று வந்தது. குழியில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. சாவுக்கான விலையை ஏற்றத் தெரிந்த நாட்டுக்குச் சாவை நிறுத்தத் தெரியவில்லை. இந்த நாட்டில் சுற்றுச்சூழலை யார் காக்கிறார்கள் என்று கேட்டால் முதல் பதில் இந்தக் குழிக்குள்தான் கிடக்கிறது.

*

அந்தப் பாடத்துக்கு ஆங்கிலத்தில் வைத்திருந்த பேரை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். 'ஸ்டூவர்ட்ஷிப்'. ஸ்டூவர்ட் என்றால் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் வீட்டைக் காவல் பார்க்கிறவன். பெரிய வீட்டின் சாவி, களஞ்சியம், வேலைக்காரர் எல்லாம் அவன் பொறுப்பு. வீடு மட்டும் அவனுடையது இல்லை. தமிழ் வேதாகமத்தில் இந்தச் சொல்லுக்கு 'உக்கிராணக்காரன்' என்று போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், எஜமான் கணக்குக் கேட்கும்போது நடுங்குகிறவன் அவன். ஆக, பூமிக்கு நாமெல்லாம் உக்கிராணக்காரர்கள், சொந்தக்காரர்கள் இல்லை, பத்திரமாகப் பார்த்துக்கொண்டு அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கவேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால் பூமிக்கு நிஜமாகவே சொந்தக்காரனாக இருக்கிறவன் 'நான் வெறும் காவல்காரன்' என்று சொல்வது பணிவு. ஏற்கெனவே காவல்காரனாக மட்டுமே வைக்கப்பட்டவனைப் பார்த்து 'நீ வெறும் காவல்காரன்' என்றால் அது பணிவா? அது பழைய உத்தரவு.

எங்கள் தாத்தா நீர்க்கட்டி. ஊருக்கு ஊர் பேர் மாறும். நீர்பாய்ச்சி என்பார்கள், மடையான் என்பார்கள், கம்புகட்டி என்பார்கள். பெரும்பாலான ஊர்களில் ஆள் நம் ஆள்தான். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உண்டு. அதைக் கட்டிய ராஜாக்களின் பேர் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதை ஒவ்வொரு வருஷமும் உடையாமல் காத்தவன் பேர் எங்கேயும் இல்லை. மழைக்கு முன்னால் வரத்துக்கால்வாயில் அடைப்பு எடுப்பது, கரையில் எலிப்பொந்து, நண்டுப்பொந்து பார்த்து அடைப்பது, மதகு திறப்பது, மூடுவது, எந்தக் கழனிக்கு எத்தனை நாழி தண்ணீர் என்று முறை வைப்பது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று ராத்திரியில் நடந்து பார்ப்பது எல்லாம் அவன் வேலை. தண்ணீர் குறைந்த வருஷத்தில் எந்த வயலைக் காயவிடுவது என்பதுகூட அவன் கைக்கணக்கில்தான் இருந்தது. கூலி, அறுப்புக் களத்தில் ஆளுக்குக் கொஞ்சம் மேரை நெல். கணக்கு இல்லை, கொடுக்கிறவன் மனசுதான் கணக்கு.

அந்த ஏரிப் பாசனத்தில் தாத்தாவுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. மதகுத் தண்ணீரில் அவர் இறங்கலாம். ஊர்க்காரர்கள் இறங்கும் படித்துறையில் கால் வைக்கக்கூடாது. ஏரி மீன் ஏலத்தில் அவர் பேசமுடியாது. ஏரிக்கே ஆயுசைக் கொடுத்தவருக்கு ஏரியில் ஒரு சொம்புத் தண்ணீர் உரிமையாக இல்லை. பூமியின் உக்கிராணக்காரன் எப்படி இருப்பான் என்று யாராவது பாடம் நடத்தவேண்டுமென்றால் தாத்தாவைத்தான் கூப்பிட்டிருக்கவேண்டும். உரிமையில்லாத பொறுப்பு எப்படி இருக்கும் என்று அவர் காட்டியிருப்பார்.

அம்மா சொல்லும் ஒரு ராத்திரி உண்டு. அம்மா அப்போது சின்னப் பெண். விடாத மழை. ஏரி கோடி போய், அதுக்கும் மேலே தண்ணீர் ஏறி, கரை ஒரு இடத்தில் கசிய ஆரம்பித்துவிட்டது. தாத்தா இருட்டில் தண்ணீருக்குள் முழுகி மதகை முழுசாகத் திறந்துவிட்டு வந்தார். அப்புறம் வைக்கோல் பிரியும் முள்ளும் மண்ணுமாக விடியவிடிய கரையை அடைத்தார்கள். காலையில் ஊர்ப் பெரியவர் வந்து, "ஊரைக் காப்பாத்திட்டடா" என்றாராம். தாத்தா ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னாராம்: "ஊரை எவன் காப்பாத்துனான்? ஏரி ஒடஞ்சா மொதல்ல முழுகறது நம்ம சேரிதான?"

இந்த ஒரு பேச்சில் எனக்கு எல்லாப் புத்தகத்தையும்விட அதிகம் கிடைக்கிறது. அவர் செய்தது தொண்டும் இல்லை, வெறும் வெட்டியும் இல்லை. ஊருக்கு விசுவாசம் காட்ட அவர் முழுகவில்லை. பள்ளத்தில் குடிவைக்கப்பட்டவனுக்கு ஆபத்து முதலில் தெரியும். அவன் தன் பிள்ளைகளுக்காகக் கரையை அடைக்கிறான். அதில் மேட்டில் இருக்கிறவனும் பிழைத்துக்கொள்கிறான். நம்முடைய சுற்றுச்சூழல் அறம் என்று ஒன்று இருந்தால் அது இங்கிருந்துதான் தொடங்குகிறது. கேடு யார் தலையில் முதலில் விழுகிறது என்று அது கேட்கிறது.

*

அந்தப் பயிற்சியை நடத்திய நாட்டிலும் சேரி இருக்கிறது. இதை அந்தத் தங்கச்சிக்காகத் தேடிப் படித்தபோதுதான் நானும் தெரிந்துகொண்டேன்.

உலகமே போற்றும் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பழங்குடி மக்கள் குடியிருந்தார்கள். 1851இல் ஆயுதப் படை போய் அவர்களை விரட்டியது. 1890இல் அது தேசியப் பூங்கா ஆனது. திரும்பி வந்து ஒட்டிக்கொண்டிருந்தவர்களின் கடைசிக் குடியிருப்பை 1969இல் இடித்தார்கள். மனிதன் கைபடாத இயற்கை என்று படம் எடுத்து மாட்டியிருக்கிறார்களே, அது கைகளை வெட்டிவிட்டு எடுத்த படம்.

வட கரோலினா மாநிலத்தில் வாரன் கவுண்டி என்று ஒரு இடம். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழைப் பகுதி. 1982இல் விஷ ரசாயனம் கலந்த மண்ணை அரசு கொண்டுபோய் அங்கே கொட்டத் தொடங்கியது. ஜனங்கள் லாரிக்கு முன்னால் ரோட்டில் படுத்தார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள். மண்ணைக் கொட்டத்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் போராட்டத்திலிருந்து ஒரு கேள்வி எழுந்தது: குப்பை ஏன் எப்போதும் எங்கள் வாசலுக்கே வருகிறது? 1987இல் அங்கே ஒரு திருச்சபையின் ஆணையம் நாடு முழுக்கக் கணக்கெடுத்து, நச்சுக் கழிவு எங்கே போகிறது என்பதை நிறம்தான் அதிகம் தீர்மானிக்கிறது என்று சொன்னது. 1991இல் கறுப்பின மக்களும் பூர்வகுடிகளும் மற்ற நிற மக்களும் வாஷிங்டனில் கூடி 17 கொள்கைகளை அறிவித்தார்கள். அவர்கள் கேட்டது சுற்றுச்சூழல் நீதி. 1994இல் அதிபர் கிளின்டன் அதற்காக ஒரு ஆணை போட்டார். 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் அந்த ஆணையை ரத்து செய்துவிட்டார். முப்பது வருஷம் இருந்த ஒரு காகிதம், ஒரு கையெழுத்தில் போய்விட்டது. கொடுத்த உரிமைக்கும் எடுத்த உரிமைக்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் புதுசா?

*

இந்த விஷயத்தில் நமக்கு இரண்டு சபலங்கள் உண்டு. இரண்டையும் நானே பேசியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

முதல் சபலம்: "சுத்துச்சூழல் அவங்க பிரச்சினை. நமக்குச் சாதிதான் பிரச்சினை. நிலமே இல்லாதவன் நிலம் கெட்டா என்ன, கெடாட்டி என்ன?" கூட்டத்தில் இதைச் சொன்னால் கைதட்டு விழும். ஆனால் பாலாற்றங்கரைக்கு வாருங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே தண்டம் கட்டவேண்டும் என்று சொன்ன பெரிய தீர்ப்பு. ஆனால் இழப்பீட்டுக் கணக்கு கெட்ட நிலத்தை வைத்துத்தான் போடப்பட்டது. அந்த நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்துக் கூலி வாங்கியவள் எந்தக் கணக்கில் வருவாள்? நிலம் செத்தபோது அவள் வேலையும் சேர்ந்துதான் செத்தது. பிழைப்புத் தேடி அவள் போனது அதே தோல் ஷாப்புக்கு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைந்து பத்துப் பேர் செத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு வந்து மூடிவிட்டது. ஒன்பது பேர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். நிலம் இல்லாதவனுக்கு நிலம் கெட்டால் என்ன என்று அந்தப் பத்துப் பேரிடம் கேட்கமுடியாது. இருக்கிறவன் மண் கெட்டால் விற்றுவிட்டு டவுனுக்குப் போய்விடுவான். நமக்குப் போக இடம் கிடையாது.

இரண்டாவது சபலம் இதற்கு நேர் எதிர். "நாம மண்ணின் மைந்தர்கள். இயற்கையோடு ஒட்டி வாழ்ந்தவங்க. நம்ம வாழ்க்கையே சுற்றுச்சூழல் வாழ்க்கை." வெளியிலிருந்து வருகிற படித்தவர்கள் இதைக் கேட்டு ரொம்ப சந்தோஷப்படுவார்கள், எழுதிக்கொள்வார்கள். நான் கேட்கிறேன்: ஓட்டை ஓலைக் குடிசை இயற்கையோடு ஒட்டிய வாழ்க்கையா? செத்த மாட்டை இழுத்துப்போனது மறுசுழற்சியா? நம் மேல் திணிக்கப்பட்ட இல்லாமையை எடுத்து நம்முடைய ஞானம் என்று நம்மையே சொல்லவைக்கிறார்கள். கிராமத்தைப் பற்றி அண்ணல் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் பேசியதை மறந்தவர்கள்தான் இந்தப் பாட்டைப் பாடமுடியும். தாத்தாவின் ஏரி அறிவு பெரிய அறிவு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அறிவு அவருக்கு வந்த வழியை நான் கொண்டாடமாட்டேன். அதை மறுபடி என் தம்பி தலையில் கட்டவும் விடமாட்டேன்.

அப்படியானால் நடுவில் நிற்க இடம் எங்கே? அண்ணலின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடவே குடித்தார்கள். ஆடுமாடு குடித்தால் கெடாத குளம் நாம் குடித்ததும் தீட்டாகி, சாணியும் கோமியமும் பாலும் ஊற்றிச் சுத்தம் பண்ணினார்கள். வழக்கு நடந்து பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 1937இல்தான் முடிந்தது. அதே மனிதர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பை வகித்தபோது தாமோதர், மகாநதி போன்ற ஆறுகளின் நீரை நாட்டுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று திட்டம் போட்டார். குளத்தில் ஒரு கை தண்ணீர் மறுக்கப்பட்டவர் நாட்டின் ஆறுகளுக்குப் பொறுப்பெடுத்தார். தண்ணீர் அவங்க பிரச்சினை என்று ஒதுங்கவும் இல்லை. குளத்துக்குக் காவல் இருக்கிறேன் என்று கைகட்டவும் இல்லை. குடிக்கும் உரிமை, தீர்மானிக்கும் அதிகாரம், காக்கும் பொறுப்பு மூன்றையும் ஒன்றாகக் கேட்டார், ஒன்றாகச் செய்தார்.

நான் வந்து சேரும் இடம் இதுதான். பொறுப்பை நாம் மறுக்கவில்லை. பொறுப்பை அதிகாரத்திலிருந்து பிரித்துக் கொடுப்பதைத்தான் மறுக்கிறோம். தமிழக அரசு 2000ஆம் ஆண்டில் பாசன மேலாண்மையை விவசாயிகளிடம் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஏரிக்கு ஏரி சங்கம். நல்லது. உறுப்பினர் யார்? பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்கள். தலைமுறை தலைமுறையாக மதகைப் பார்த்துவந்த நீர்க்கட்டிக்கு அதில் ஓட்டு இல்லை. உக்கிராணக்காரன் வெளியே நிற்கிறான், சாவி மட்டும் கை மாறிவிட்டது. 1892இல் கொடுத்த பஞ்சமி நிலம் நம்மிடமே இருந்திருந்தால் இந்தச் சங்கங்களில் நமக்கும் நாற்காலி இருந்திருக்கும். அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குச் செத்தார்கள். அவர்களைச் சுற்றுச்சூழல் தியாகிகள் என்று யாரும் எழுதியதில்லை. நான் எழுதுகிறேன்.

*

அந்தத் தங்கச்சி கடைசியில் என்ன எழுதினாள்? ஒரு வாரம் கழித்துக் காட்டினாள். அம்மாவுக்குப் பதில் குப்பை எடுத்த அந்த ஒரு நாளைப் பத்து வரியில் எழுதியிருந்தாள். எத்தனை வீடு, எத்தனை கிலோ, எதில் கண்ணாடி இருந்தது, எந்த வீட்டில் பிரித்துக் கொடுத்தார்கள், எந்த வீட்டில் ஜன்னல் வழியாக வீசினார்கள். கடைசி வரி: "இதை நான் விரும்பிச் செய்யவில்லை. இதை யாரும் செய்யவேண்டியிராத நகரத்தை எப்படி அமைப்பது என்று படிக்க விரும்புகிறேன்."

இடம் கிடைக்கவில்லை. பல நாட்டுப் பிள்ளைகள் போட்டி போடும் இடம். அதில் சாதி பார்த்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவளும் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு எழுந்துவிட்டாள்.

எழுந்தவள் கேட்ட கேள்விதான் இன்னும் எங்களை விடவில்லை. "அக்கா, தாத்தா பார்த்த ஏரியை இப்போ யாரு பாக்குறாங்க?" போய்ப் பார்த்தோம். வரத்துக்கால்வாய் பாதி காணோம். மதகுத் தண்டு துருப்பிடித்து நிற்கிறது. கலங்கலை ஒட்டி டவுன் குப்பை கொட்டிக்கிடக்கிறது. அதற்குக் கீழேதான் எங்கள் காலனி.

அடுத்து வந்த மார்ச் 22, தண்ணீர் தினத்துக் கிராம சபையில் எங்கள் காலனியிலிருந்து நாற்பது பேர் போனோம். ஏரியைத் தூர் வாருங்கள், நாங்களும் வருகிறோம் என்றோம். ஆனால் கூலியோடு வருகிறோம், ஏரிச் சங்கத்தில் நிலமில்லாதவர்களுக்கும் இடம் கொடுங்கள், மீன் ஏலத்தில் பங்கு கொடுங்கள் என்றோம். ஒருவர் எழுந்து, "ஊர் ஏரிக்கு வேலை செய்ய கணக்குப் பாக்கறீங்களே, இது தொண்டு இல்லியா?" என்று கேட்டார்.

அவள்தான் பதில் சொன்னாள். "எங்க தாத்தா காலத்துலயே அதெல்லாம் செஞ்சு முடிச்சிட்டோங்க."

மனுவைப் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். தீர்மான நோட்டில் ஏறவில்லை. நாங்கள் விடவில்லை, ஒவ்வொரு கிராம சபைக்கும் போகிறோம். அடுத்ததுக்கும் போவோம்.